மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு நாள் சுற்றுலா: திரும்பும் வழியை முதலில் தேடுங்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு புராஜெக்ட் வேலையாகச் செல்லும் நம் சாப்ட்வேர் இஞ்சினியர்களுக்கு வார விடுமுறை வந்தவுடன் எழும் கேள்வி ஒன்றுதான். ஆல்ப்ஸ் மலையும் ஏரிகளும் அரண்மனைகளும் ஒன்று முதல் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. கையில் கார் இல்லை. சர்வதேச லைசென்ஸ் எடுத்து, வாடகைக் கார் பிடித்து, பனிச் சாலையில் வலது பக்கம் ஓட்டிப் பழகும் தைரியமும் எல்லாருக்கும் இருப்பதில்லை. கோடையில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். அவர்களை எங்கேயாவது அழைத்துச் செல்ல வேண்டும். இரவு பத்திரமாக வீட்டிற்கும் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

இதற்கு ரயிலே போதும். ஒரு கம்ப்யூட்டரோ செல்போனோ இருந்தால் முதல் நாள் இரவே அரை மணி நேரத்தில் முழுப் பயணத்தையும் திட்டமிட்டு விடலாம். ஆனால் பலரும் தேடலைத் தலைகீழாகச் செய்கின்றனர். காலையில் எந்த ரயில் என்று தேடிப் பிடித்துக் கிளம்பி விடுகின்றனர். மாலையில் எப்படித் திரும்புவது என்பதை அங்கே போய்ப் பார்க்கின்றனர். சுற்றுலா கெடுவது பெரும்பாலும் இங்கேதான். திரும்பும் வழியை முதலில் தேட வேண்டும், அதன் பின்னரே போகும் வழியைத் தேட வேண்டும். ஏன், எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

நம் ஊர் ரயிலுக்கும் அந்த ஊர் ரயிலுக்கும் என்ன வேறுபாடு?

நம் ஊரில் ரயில் பயணம் என்றால் முன்பதிவு, பெர்த் எண், வெயிட்டிங் லிஸ்ட் என்றுதான் நினைப்போம். ஜெர்மனியின் வட்டார ரயில்களில் இவை எதுவும் இல்லை. ஆர்ஈ, ஆர்பி, எஸ்-பான் என்ற எழுத்துக்களுடன் ஓடும் ரயில்கள்தான் வட்டார ரயில்கள். டிக்கெட் செல்லுபடியாகும் நேரத்தில் எந்த வட்டார ரயிலிலும் ஏறலாம், காலியாக இருக்கும் இருக்கையில் உட்காரலாம். பிளாட்பாரத்தில் கேட் எதுவும் கிடையாது. வண்டிக்குள் பரிசோதகர் வருவார். செல்லும் டிக்கெட் இல்லையென்றால் குறைந்தது 60 யூரோ அபராதம்.

இன்னொரு வேறுபாடு மிக முக்கியமானது. இந்த ரயில்கள் பெரும்பாலும் ஒரே தாளத்தில் ஓடும். ஒரு ஊரிலிருந்து 10 மணி 12 நிமிடத்திற்கு ஒரு வண்டி இருந்தால், 11:12, 12:12 என்று அதே நிமிடத்தில் அடுத்தடுத்த வண்டிகள் கிளம்பும். சில கிளைப் பாதைகளில் இரண்டு மணி நேரத்திற்கு ஒன்று என்றிருக்கும். ஒரு வண்டியைத் தவற விட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்ப்யூட்டர் எப்படி ரயிலைத் தேடுகிறது?

ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் இணைய தளத்திலோ, டிபி நேவிகேட்டர் என்ற அதன் செல்போன் புரோகிராமிலோ இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால், ஒரு நொடியில் நாலைந்து வழிகள் வந்து நிற்கின்றன. இதன் பின்னணியைத் தெரிந்து கொண்டால் அதனிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

சாலையில் வழி தேடுவது எளிது. இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள சாலை எப்போதும் அங்கேயே இருக்கும். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு டைக்ஸ்ட்ரா 1959ல் வெளியிட்ட குறுகிய பாதை முறை நினைவிருக்கும். ரயிலில் அது அப்படியே பொருந்தாது. 10:12க்கு இருக்கும் பாதை 10:13க்கு இல்லை. அடுத்து 11:12க்குத்தான் அது மீண்டும் தோன்றும்.

இதற்கென்று பல முறைகள் உள்ளன. அவற்றில் புரிந்து கொள்ள எளிதான ஒன்று, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்டது. ஒரு நாளில் ஓடும் எல்லா ரயில்களையும், ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குச் செல்லும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொள்ள வேண்டும். அவற்றைக் கிளம்பும் நேர வரிசைப்படி ஒரே பட்டியலாக அடுக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை படித்துக் கொண்டு போக வேண்டும். "இந்தத் துண்டு கிளம்பும் முன் நாம் அந்த நிலையத்தில் இருக்க முடியுமா? முடியும் என்றால், அது போய்ச் சேரும் நிலையத்தில் எத்தனை மணிக்கு இருப்போம் என்று குறித்துக் கொள்." இவ்வளவுதான். பட்டியல் முடியும்போது, எந்த நிலையத்தை எத்தனை மணிக்கு அடையலாம் என்ற பதில் தயாராக இருக்கும்.

இதே பட்டியலைக் கீழிருந்து மேலாகவும் படிக்கலாம். அப்போது விடை வேறு மாதிரி வரும். "இரவு 9 மணிக்கு மியூனிக்கில் இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் கடைசியாக எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்பதற்கு அது பதில் தரும். தேடல் பக்கத்தில் நேரத்தைக் குறிக்கும் இடத்தில் "புறப்பாடு" என்பதற்குப் பக்கத்தில் "வந்து சேருதல்" என்று ஒரு பட்டன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதைத் தொடுவதே இல்லை. ஒரு நாள் சுற்றுலாவிற்கு வேண்டிய பட்டன் அதுதான்.

கூகுள் நிறுவனம் 2005 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்தை வைத்து பஸ், ரயில் வழி காட்டும் சேவையைத் தொடங்கியது. அதற்காக உருவான ஜிடிஎப்எஸ் என்ற பைல் வடிவம் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. சாதாரண டெக்ஸ்ட் பைல்களை ஜிப் செய்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஜெர்மனி முழுவதற்குமான கால அட்டவணையும் இந்த வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. புரோகிராம் எழுதத் தெரிந்த வாசகர்கள் டவுன்லோட் செய்து, மேலே சொன்ன முறையைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம். நல்ல பயிற்சியாக இருக்கும்.

இவ்வளவு திறமையான புரோகிராமுக்குத் தெரியாத விஷயங்கள் மூன்று உள்ளன. உங்கள் டிக்கெட் எந்த ரயிலில் செல்லும் என்பதை நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஏரிப் படகும் மலை கேபிள் காரும் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது அதன் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. உங்களுடன் வருபவர் எவ்வளவு வேகமாக நடப்பார் என்பதும் தெரியாது. இந்த மூன்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் டிக்கெட், பிறகு தேடல்

ஒரு நாள் சுற்றுலாவிற்கு இரண்டு டிக்கெட்டுகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பயர்ன் டிக்கெட்: மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் முழுவதும் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். ஒருவர் முதல் ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் செல்லலாம். முதல் நபருக்கு அடிப்படைக் கட்டணம், கூட வரும் ஒவ்வொருவருக்கும் அதைவிடக் குறைவான கூடுதல் கட்டணம். எனவே ஆட்கள் கூடக் கூட தலைக்கு ஆகும் செலவு குறையும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு, மாநிலம் தழுவிய அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணி முதலே செல்லும். எல்லா நாட்களிலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை மதிப்பு உண்டு. மியூனிக் நகருக்குள் ஓடும் எஸ்-பான், யு-பான், டிராம், பஸ் ஆகியவற்றிலும் செல்லும். எல்லைக்கு வெளியே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் வட்டார ரயிலில் இதை வைத்தே போய் வரலாம். பயணிகளின் பெயரை டிக்கெட்டில் குறிப்பிட வேண்டும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்: இது மாதச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உள்ளது. நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் நகர பஸ்களிலும் செல்லும். காலை 9 மணிக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஆனால் ஒருவருக்கு மட்டுமே, மற்றவருக்குக் கொடுக்க முடியாது. நிறுத்த விரும்பினால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். தவறினால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுக்கப்படும். மூன்று மாத புராஜெக்ட் முடிந்து ஊர் திரும்புபவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள்.

தினமும் ஆபிஸுக்கு ரயிலில் செல்பவர் என்றால் உங்களிடம் இரண்டாவது டிக்கெட் ஏற்கனவே இருக்கலாம். சில வாரங்களுக்கு மட்டும் வந்திருக்கும் பெற்றோருக்கு முதல் டிக்கெட் பொருத்தமாக இருக்கும்.

இரண்டிற்கும் பொதுவான விதி, ஐசிஇ, ஐசி, ஈசி, ரெயில்ஜெட் போன்ற வேக ரயில்களில் இவை செல்லாது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் செல்லும் அதே பாதையில் வேக ரயிலும் ஓடுகிறது, வட்டார ரயிலும் ஓடுகிறது. தேடலில் வேக ரயில்தான் முதலில் வந்து கண்ணை இழுக்கும். எனவே ஊர் பெயரை அடிப்பதற்கு முன்னரே தேடல் பக்கத்தின் ஆப்ஷன்களுக்குள் சென்று, வட்டார ரயில்கள் மட்டும் என்ற தேர்வை ஆன் செய்து விடுங்கள். கூகுள் மேப்ஸில் பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழி சரியாக இருக்கும், ஆனால் உங்கள் டிக்கெட் அந்த வண்டியில் செல்லுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பின்னிருந்து முன்னாக: ஒரு உதாரணம்

கோனிக்ஸ்ஸே என்ற மலை ஏரியை எடுத்துக் கொள்வோம். பவேரியாவின் தென்கிழக்கு மூலையில், செங்குத்தான பாறைகளுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீர் கெடாமல் இருக்க 1909 முதலே இங்கு பேட்டரியில் ஓடும் மின்சாரப் படகுகள்தான். படகில் சுமார் 35 நிமிடம் சென்றால் சாங்க்ட் பார்டோலோமே என்ற சின்ன தேவாலயம் உள்ள கரை வரும். அங்கிருந்து திரும்பி வர ஏரிக்கரை ஓரமாக நடைபாதை கிடையாது. கடைசிப் படகை விட்டால் நடந்தாவது வந்து விடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, இந்தப் பயணத்தின் சங்கிலி இது: மியூனிக்கிலிருந்து ப்ரைலாஸிங் வரை ஒரு ரயில், அங்கிருந்து பெர்ஷ்டஸ்காடன் வரை இன்னொரு ரயில், ஏரிக்கு ஒரு பஸ், கடைசியாகப் படகு. ரயில் புரோகிராம் பஸ் வரைக்கும் காட்டும். படகை அது காட்டாது. ஆனால் நாளைத் தீர்மானிப்பது அந்தப் படகுதான்.

படி 1: படகுக் கம்பெனியின் இணைய தளத்தில் அன்றைய தேதிக்கான கடைசிப் படகின் நேரத்தைப் பாருங்கள். கோடைக்கும் குளிர்காலத்திற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். மலை ஊர் என்றால் கேபிள் காரின் கடைசி இறக்கம். அரண்மனை என்றால் கடைசி டூர்.

படி 2: அந்தக் கடைசிப் படகை உங்கள் படகாக வைத்துக் கொள்ளாதீர்கள். கோடையில் மாலைப் படகுகளுக்கு வரிசை நீளமாக நிற்கும். கடைசிக்கு இரண்டு படகுகள் முன்னால் உள்ளதை உங்கள் படகு என்று குறியுங்கள்.

படி 3: வீட்டிற்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தேடல் பக்கத்தில் புறப்படும் இடத்தில் ஏரியின் பஸ் நிறுத்தத்தையும், சேரும் இடத்தில் மியூனிக்கையும் கொடுத்து, "வந்து சேருதல்" பட்டனை அழுத்தி அந்த நேரத்தைக் கொடுங்கள்.

படி 4: வரும் விடையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக் கொண்டே வாருங்கள். புரிவதற்காக உத்தேச நேரங்களில் சொல்கிறேன். மியூனிக்கில் இரவு 9 மணி என்றால் ப்ரைலாஸிங்கில் 7:15, பெர்ஷ்டஸ்காடனில் 6:10, ஏரியின் பஸ் நிறுத்தத்தில் 5:45. படகுத் துறையிலிருந்து பஸ்ஸுக்கு நிதானமாக நடக்க 15 நிமிடம். எனவே படகு 5:30க்குள் கரை சேர வேண்டும். அப்படியானால் சாங்க்ட் பார்டோலோமேயிலிருந்து 4:50க்கு முன்னால் ஏறியிருக்க வேண்டும்.

படி 5: இப்போது காலைப் பயணத்தைத் தேடுங்கள். வார நாளில் பயர்ன் டிக்கெட்டுடன் 9 மணிக்குப் பிறகு கிளம்பினால், ஏறக்குறைய 12 மணிக்கு பெர்ஷ்டஸ்காடன். பஸ், டிக்கெட் வரிசை எல்லாம் முடிந்து படகில் ஏறும்போது 12:45 ஆகலாம். கரை சேரும்போது 1:20.

படி 6: இரண்டையும் கழியுங்கள். 1:20 முதல் 4:50 வரை மூன்றரை மணி நேரம். உங்கள் சுற்றுலாவின் உண்மையான அளவு இதுதான். இதற்காகப் பயணத்தில் சுமார் எட்டரை மணி நேரம் செலவிடுகிறீர்கள்.

கணக்கு இப்படி வெளியே வந்து விட்டால் முடிவு எடுப்பது சுலபம். இதே பயணத்தைச் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கினால் ஏரியில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அல்லது மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு இவ்வளவு ஏறி இறங்குதல் வேண்டாம் என்று பக்கத்தில் வேறு ஊரைப் பார்க்கலாம். இதை மியூனிக்கில் சோபாவில் உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது. படகுத் துறையில் நின்று கொண்டு முடிவு செய்வது சிரமம்.

ரயில் மாற எவ்வளவு நேரம் விட வேண்டும்?

தேடலில் "5 நிமிடத்தில் மாற வேண்டும்" என்று ஒரு வழி வந்தால் அதை எடுக்கலாமா? இதற்கு ஒரு தகவலைத் தெரிந்து கொள்ள வேண்டும். டாய்ச்ச பான் தன் கணக்கில், 6 நிமிடத்திற்குக் குறைவாகத் தாமதமானால் அந்த ரயிலைச் சரியான நேரத்தில் வந்ததாகவே எடுத்துக் கொள்கிறது. அப்படிக் கணக்கிட்டும் 2024ல் அதன் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம் மட்டுமே நேரத்திற்கு வந்தன. வட்டார ரயில்கள் இதைவிட நன்றாக ஓடுகின்றன. ஆனாலும், 5 நிமிடத் தாமதத்துடன் வந்து கணக்கில் "சரியான நேரம்" என்று பதிவான ரயில், உங்கள் 5 நிமிட மாற்றத்தைக் கெடுத்து விடும் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எல்லா 5 நிமிடமும் ஒன்றல்ல. மாறிய பிறகு ஏற வேண்டிய வண்டி எத்தனை நிமிடத்திற்கு ஒன்று என்று பாருங்கள். அது 20 நிமிடத்திற்கு ஒரு முறை ஓடும் எஸ்-பான் என்றால் தவறினாலும் இழப்பு 20 நிமிடம்தான், கவலை வேண்டாம். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை ஓடும் கிளை ரயில் என்றால் 5 நிமிடத்தை நம்பாதீர்கள். அன்றைய கடைசி வண்டி என்றால் இழப்பு ஒரு இரவு, ஒரு ஹோட்டல் வாடகை, அப்பாவின் இரவு மாத்திரை. அங்கே 20 நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு மாற்றமும் பத்துக்கு ஒன்பது முறை சரியாக அமையும் என்று வைத்துக் கொள்வோம். ஒரே மாற்றம் என்றால் 90 சதவீதம். போக இரண்டு, வர இரண்டு என்று நாலு மாற்றம் என்றால் 0.9ஐ நாலு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 66 சதவீதம். அதாவது மூன்று பயணங்களில் ஒன்றில் எங்கேயாவது ஒரு வண்டி தவறும். எனவே 15 நிமிடம் கூடுதலாக ஆனாலும், நேராகச் செல்லும் ரயிலையே தேர்ந்தெடுங்கள்.

இதைப் புரோகிராமிலேயே செட் செய்யலாம். ஆப்ஷன்களில் ரயில் மாறக் குறைந்தபட்ச நேரம் என்ற இடத்தில் 15 நிமிடமோ அதற்கு மேலோ கொடுத்து விட்டால், அவசர மாற்றங்கள் விடையில் வராது. பெரியவர்கள், குழந்தை வண்டி, சூட்கேஸ் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யவும்.

ரயில் தாமதமானால் வேக ரயிலில் ஏறிக் கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண டிக்கெட்டுகளுக்கு அந்த உரிமை உண்டு. பயர்ன் டிக்கெட் போன்ற சலுகை டிக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரே ரயில், மூன்று ஊர்கள்

கம்ப்யூட்டர் திரையில் சின்ன எழுத்தில் மட்டும் வரும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டேகெர்ன்ஸே ஏரிக்கு மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் நேராகச் செல்லும் ரயில் உள்ளது. அந்த ரயில் கிளம்பும்போது மூன்று பகுதிகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஹோல்ஸ்கிர்ஷென் நிலையத்தில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்ஸெல் செல்லும். ஷாப்ட்லாக் நிலையத்தில் மீதி இரண்டும் பிரிந்து, ஒன்று லெங்கிரீஸுக்கும் மற்றது டேகெர்ன்ஸேக்கும் செல்லும். ரயில் சரி, பெட்டி தவறு என்றால் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவீர்கள்.

என் ஆபிஸ் நண்பர் ஒருவர் தன் பெற்றோருடன் கூட்டத்தில் ஏறியபோது, அப்பாவுக்கு ஒரு பெட்டியில் இடம் கிடைக்க, அவரும் அம்மாவும் அடுத்த பகுதியில் உட்கார்ந்தனர். இணைந்து ஓடும் இரண்டு ரயில்களுக்கு இடையே நடந்து செல்ல வழி கிடையாது. ஹோல்ஸ்கிர்ஷெனில் அப்பா இருந்த பகுதி வேறு திசையில் போய் விட்டது. அவரிடம் செல்போன் இருந்ததால் அடுத்த நிலையத்தில் இறங்கச் சொல்லி ஒரு மணி நேரத்தில் சேர்ந்து கொண்டனர். டிக்கெட் மகனின் போனில் இருந்தது என்பதுதான் அன்று அவர்களுக்குப் பெரிய கவலை.

ஒவ்வொரு பகுதியின் முகப்பிலும் பக்கவாட்டிலும் அது செல்லும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பிளாட்பாரப் பலகையிலும் எந்தப் பகுதி எங்கே நிற்கும் என்று காட்டுவார்கள். பெயரைப் படித்து விட்டு எல்லாரும் ஒரே பகுதியில் ஏறுங்கள். கூட வரும் ஒவ்வொருவரின் போனிலும் டிக்கெட்டின் காப்பி ஒன்றை அனுப்பி வையுங்கள். சேரும் ஊரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெரியவர்களின் சட்டைப் பையில் வைத்து விடுங்கள்.

மியூனிக் மத்திய நிலையமும் கொஞ்சம் குழப்பும். பிரதான கூடத்தில் 11 முதல் 26 வரை பிளாட்பாரங்கள். அதற்கு இரு பக்கமும் சிறகு போல இரண்டு தனி நிலையங்கள். ஒன்றில் 5 முதல் 10, மற்றதில் 27 முதல் 36. மலைப் பக்கம் செல்லும் வட்டார ரயில்கள் பல இந்தச் சிறகுகளிலிருந்துதான் கிளம்பும். எஸ்-பானில் வந்து பூமிக்கு அடியிலிருந்து ஏறி, சிறகின் கடைசி வரை நடக்க 10 நிமிடம் பிடிக்கும். நிலையத்தில் கட்டுமான வேலையும் பல ஆண்டுகளாக நடந்து வருவதால் இன்னும் 5 நிமிடம் சேர்த்துக் கொள்ளுங்கள்.

எந்த ஊர் யாருக்கு?

திட்டமிடும் முறை கையில் வந்து விட்டது. இனி மூன்று இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கீம்ஸே ஏரி (ப்ரீன் நிலையம்): சுமார் ஒரு மணி நேரம், மாற்றம் இல்லாத ரயில். நிலையத்திலிருந்து படகுத் துறைக்குச் செல்ல 1887ல் தொடங்கிய குட்டி நீராவி ரயில் கோடையில் ஓடும். இல்லாவிட்டால் 25 நிமிட நடை. படகில் 15 நிமிடத்தில் ஹெரன் தீவு. இரண்டாம் லூட்விக் மன்னர் 1878ல் வெர்சாய் மாதிரியில் கட்டத் தொடங்கிய அரண்மனை அங்கே உள்ளது. 2025ல் இது அவரின் மற்ற அரண்மனைகளுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. படகு ஆண்டு முழுவதும் உண்டு, படகுக்கும் நீராவி ரயிலுக்கும் தனி டிக்கெட். பெற்றோருடன் முதல் முறை செல்பவர்களுக்கு இதுவே என் சிபாரிசு.

நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை (ப்யூசன் நிலையம்): ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சில வண்டிகள் நேராகச் செல்லும், சிலவற்றில் ஒரு முறை மாற வேண்டும். பிறகு பஸ்ஸில் 10 நிமிடம், மலை மேல் 30 முதல் 40 நிமிட நடை. உள்ளே செல்லக் குறிப்பிட்ட நிமிடத்திற்கான டூர் டிக்கெட் வேண்டும். நேரம் தவறினால் டிக்கெட் வீண். இங்கே காலைப் பயணத்தையும் பின்னிருந்து கணக்கிட வேண்டும். டூர் 1 மணிக்கு என்றால் பஸ்ஸிலிருந்து 12 மணிக்கே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வண்டி முந்தைய ரயிலில் வருவதாகத் திட்டமிட்டு, பிறகே டூர் நேரத்தைப் புக் செய்யுங்கள்.

கோனிக்ஸ்ஸே: மேலே பார்த்தோம். அழகில் முதலிடம், சங்கிலி நீளத்திலும் முதலிடம். நீண்ட கோடைப் பகலில், சனி அல்லது ஞாயிறு அதிகாலையில் கிளம்ப முடிபவர்களுக்கு.

முதல் நாள் இரவு செய்ய வேண்டியவை

1. பயணத் தேதியைச் சரியாகக் கொடுத்து மீண்டும் ஒரு முறை தேடுங்கள். சனி, ஞாயிறு அட்டவணை வேறு. பாதை வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். "எஸ்இவி" என்ற மூன்று எழுத்துக்கள் தெரிந்தால் அதுதான் அர்த்தம். பஸ் நிலையத்திற்கு வெளியே நிற்கும், நேரமும் கூடுதலாகும்.

2. ஐரோப்பா முழுவதும் ஆண்டு அட்டவணை டிசம்பர் இரண்டாம் வாரக் கடைசியில் மாறும். போன கோடையில் எடுத்த பிரிண்ட் அவுட்டை இந்த ஆண்டு நம்பாதீர்கள்.

3. நீங்கள் தேர்ந்தெடுத்த திரும்பும் ரயிலையும், அதற்கு அடுத்ததையும், அன்றைய கடைசி ரயிலையும் ஒரே தாளில் எழுதிக் கொள்ளுங்கள். மேலே பெரிதாகப் படகு நேரம். மலைப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

4. டிக்கெட்டை போனில் வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்தவுடன் டிக்கெட்டும் போய் விடும். பவர் பேங்க் எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு நாள் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்தும் வைத்துக் கொள்ளலாம்.

5. புரோகிராமில் உங்கள் பயணத்தைச் சேமித்துத் தாமத எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள். "ஃபெல்ட் அவுஸ்" என்று வந்தால் வண்டி ரத்து என்று பொருள். "க்ளைஸ்" என்றால் பிளாட்பாரம்.

6. கூட வருபவர்களின் மாத்திரை, கொஞ்சம் சாப்பாடு, ஒரு ஸ்வெட்டர். சின்ன ஊர் நிலையங்களில் ஞாயிறு மாலை கடைகள் மூடியிருக்கும். ஜூலை மாதத்தில்கூட மலை ஊரில் இரவு குளிரும்.

இத்தனையும் படித்து விட்டு ஒரு நாள் ஊர் சுற்ற இவ்வளவு கணக்கா என்று தோன்றலாம். கணக்கு போடுவது அரை மணி நேரம்தான். அதைப் போட்டு விட்டால், ஏரிக்கரையில் இருக்கும் மூன்று மணி நேரமும் வாட்சைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கலாம். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது தாளில் இருக்கிறது.

இப்போதே டாய்ச்ச பானின் இணைய தளத்தைத் திறந்து, மொழியை ஆங்கிலத்திற்கு மாற்றி, ப்ரீனிலிருந்து மியூனிக்கிற்கு வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் வந்து சேர எந்த ரயில் என்று தேடிப் பாருங்கள். சென்னையில் உட்கார்ந்தும் தேடலாம், பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. விசா வருவதற்குள் கை பழகி விடும்.